மதுரையில் மளிகைக்கடை திறக்க வேண்டிய அனுமதிகளும், அதில் மது விற்க முடியாத காரணமும்: முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகன் ஒன்பது ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பினான். கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. மனத்தில் ஒரு கடையும் இருந்தது. அரிசி, பிஸ்கட், சோப்பு, குளிர்பானம், பக்கத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியில் பீர். அவன் அங்கே பார்த்த தெருமுனைக் கடைகள் அப்படித்தான் இருந்தன. சிங்கப்பூரில் காவல்துறை தரும் உரிமம் இருந்தால் சிறு கடையிலும் மது விற்கலாம், இரவு 10.30 மணிக்குமேல் வாங்கிச் செல்ல மட்டும் தடை.

“மாமா, இதற்கு இங்கே யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்?” என்று கேட்டான். என்னிடம் வருவதற்குள் ஒரு தரகர் அவனிடம் ஐம்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கிவிட்டார். மாநகராட்சியில் ‘பீர் லைசென்ஸ்’ எடுத்துத் தருவதாக அவர் சொல்லியிருந்தார். பணம் திரும்பி வரவில்லை. வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம் அது. இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்படி ஓர் உரிமமே கிடையாது. ஆனால் அந்தக் கடையை மது இல்லாமல் நடத்த வேண்டிய அனுமதிகள் உண்டு. அவற்றை எந்த வரிசையில் வாங்குவது என்பதுதான் பலரும் தவறவிடும் இடம். விளாங்குடிப் பக்கம் அவனுக்குக் கடை திறந்து கொடுத்தபோது நாங்கள் நடந்த வழியை, தடுக்கிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

மது: எங்கே கதவு மூடியிருக்கிறது

தமிழ்நாட்டில் மது தொடர்பான அதிகாரம் எல்லாம் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்திலிருந்து வருகிறது. ராஜாஜி முதல்வராக இருந்தபோது சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. மதுவிலக்கு பின்னாளில் தளர்த்தப்பட்டது. சட்டத்தின் பெயரும் கட்டமைப்பும் அப்படியே நின்றன. 1983இல் டாஸ்மாக் தொடங்கப்பட்டு மொத்த விற்பனை அதன் கைக்குப் போனது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதற்கு மட்டுமே உரியது. அதற்கு முன்பு ஏலம் எடுத்துத் தனியார் கடை நடத்தியதைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் “ஏலம் எப்போது வரும்?” என்று கேட்கிறார்கள். அந்த முறை முடிந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஆகவே மதுரை மாநகராட்சிக்கோ, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகளுக்கோ, ஊராட்சித் தலைவருக்கோ மது விற்க அனுமதி தரும் அதிகாரம் இல்லை. மாநகராட்சி தரும் தொழில் உரிமத்தில் ‘மது’ என்று ஒரு வரி சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. பதிவில் சேர்த்துத் தருகிறேன் என்பதும் அதே வகைதான். மனிதர் அருந்தும் மது ஜி.எஸ்.டி.க்குள்ளேயே வரவில்லை.

தனியாருக்கு இருக்கும் உரிமங்கள் வேறு. உறுப்பினர் மன்றங்களுக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டல்களுக்கு எஃப்.எல்.3. இவற்றைத் தருவது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. இரண்டிலும் அந்த இடத்தில் அமர்ந்து அருந்தலாமே தவிர, கடையில் அடுக்கி விற்க முடியாது. டாஸ்மாக் கடையோடு ஒட்டிய ‘பார்’ ஒப்பந்தப்புள்ளி மூலம் தனியாருக்குப் போகிறது. அது தின்பண்டம் விற்கவும் காலிப் பாட்டில் சேகரிக்கவும் தரும் உரிமை மட்டுமே.

‘தெரிந்தவர்களுக்கு மட்டும்’ என்று நாலு பாட்டிலைக் கல்லாவுக்கு அடியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபிறகு இந்தச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. சிறுவன் ஒருவனிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு தனியே வரும்: ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புகையிலைக்கும் அதே பிரிவுதான்.

முதல் படி: கட்டடத்தைப் பாருங்கள், வாடகையை அப்புறம் பேசுங்கள்

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பின்னால் வரும் காகிதங்கள் எல்லாம் கட்டடத்தின் காகிதங்கள்மேல் நிற்கின்றன.

உரிமையாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: நடப்பு அரையாண்டு வரை கட்டிய சொத்துவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கட்டட அனுமதி வரைபடம். சொத்துவரி ரசீதில் அந்தப் பகுதி குடியிருப்பு என்று இருக்கிறதா, குடியிருப்பு அல்லாத பயன்பாடு என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். வீட்டின் முன்னறையை இடித்து ஷட்டர் போட்டு வாடகைக்கு விடும் வழக்கம் நம் ஊரில் அதிகம். வரி மட்டும் வீட்டு வரியாகவே ஓடும். தொழில் உரிமத்துக்கு விண்ணப்பித்த அன்று அது வெளியே வரும்.

எங்களுக்கு முதலில் பிடித்த இடம் இப்படித்தான் கைநழுவியது. உரிமையாளர் நல்ல மனிதர். ஆனால் வரி நிலுவை ஆறு அரையாண்டுகளாக நின்றது. அதைக் கட்டினால்தான் மேலே நகர முடியும் என்று மண்டல அலுவலகத்தில் சொன்னார்கள். அவர் கட்ட முன்வரவில்லை. நல்லவேளையாக நாங்கள் அப்போது முன்பணம் கொடுத்திருக்கவில்லை.

மின் இணைப்பும் அப்படியே. வீட்டு இணைப்பில் கடை நடத்தக்கூடாது; வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு குளிர்பெட்டி வைப்பதாக இருந்தால் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படிக்கட்டு, தகரக் கூரை, பலகை இவை தெருவுக்குள் நீண்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாசி வீதிகள் போன்ற நெருக்கமான இடங்களில் ஆக்கிரமிப்பு அகற்ற வரும்போது முதலில் போவது இவைதான். அகற்றிய படியைத் திரும்பக் கட்டுகிற செலவு உங்கள் தலையில் விழும்.

இன்னொன்று. அருகில் பள்ளி, கல்லூரி இருந்தால் தூரத்தை அளந்து வையுங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், சிகரெட்டோ பீடியோ விற்க முடியாது. 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் அதைச் சொல்கிறது. அந்த வருமானத்தைக் கணக்கில் வைத்து வாடகைக்கு ஒப்புக்கொண்டு பிறகு தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாம் படி: வாடகை ஒப்பந்தம்

பதினோரு மாத ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில் எழுதிப் பெட்டியில் வைத்தால் போதும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, நகர்ப்புறத்தில் எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். கடைக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் வேறாகச் சொல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் ஊரில் இந்த ஒரு வரி பேரம் பேச உதவும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். ஒன்று, இடம் ‘மளிகை மற்றும் உணவுப்பொருள் சில்லறை விற்பனைக்கு’ விடப்படுகிறது என்பது. மற்றொன்று, உரிமங்களுக்கு விண்ணப்பிக்க உரிமையாளர் சம்மதிக்கிறார் என்பது. இரண்டாவது வரி இருந்தால் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனிச் சம்மதக் கடிதம் கேட்டு அவர் வீட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

மூன்றாம் படி: உள்ளாட்சியின் தொழில் உரிமம்

மதுரை மாநகராட்சி எல்லைக்குள், அதாவது 100 வார்டுகளில் எங்கு இருந்தாலும், உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறதோ அந்த மண்டல அலுவலகம்தான் உங்களுக்கு அலுவலகம். தல்லாகுளம் அறிஞர் அண்ணா மாளிகைக்கு நேரே போய் நின்றால் மண்டலத்துக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் போன்ற இடங்களில் பேரூராட்சி அலுவலகம். ஊராட்சிப் பகுதியில் ஊராட்சிச் செயலரிடம் தொடங்குங்கள்.

முன்பு மதுரைக்கு என்றே 1971ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் இருந்தது. 1998இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தபின், எல்லா நகரங்களுக்கும் அதுவே சட்டம். யாராவது பழைய சட்டத்தின் பெயர் அச்சிட்ட படிவத்தை நீட்டினால் வாங்காதீர்கள். விண்ணப்பம் இணையவழிதான், வீட்டில் கணினி இல்லாவிட்டால் இ-சேவை மையம் இருக்கிறது.

கொண்டுபோக வேண்டியவை: ஆதார், புகைப்படம், வாடகை ஒப்பந்தம், சொத்துவரி ரசீது, கடையின் அளவு, விற்கப்போகும் பொருள்களின் வகை. பொருள் வகையை எழுதும்போது நிதானமாக எழுதுங்கள். மளிகை மட்டும் எழுதிவிட்டு மூன்றாம் மாதம் டீ போடத் தொடங்கினால் அது வேறு தொழில். டீயும் வடையும் எண்ணத்தில் இருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள்.

சுகாதார ஆய்வாளர் வந்து பார்ப்பார். குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரிக்க இரண்டு தொட்டி, மூடி போட்ட தண்ணீர், எலி நுழையாத அடைப்பு இவற்றை அவர் வருவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. கட்டணம் தொழில் வகையையும் இடத்தின் அளவையும் பொறுத்தது. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். ரசீது கிடையாது என்று யாராவது சொன்னால் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: உணவுப் பாதுகாப்பு

உணவுப்பொருள் விற்கும் யாருக்கும் இது தேவை. மதுரையில் நல்ல கடைகள்கூட இதைத் தள்ளிப்போடுகின்றன. 2011ஆம் ஆண்டின் விதிமுறைகள் வகுத்தபடி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு. ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம். அதைத் தாண்டினால் மாநில உரிமம். இந்த எல்லை திருத்தத்துக்கு உட்பட்டது; விண்ணப்பிக்கும் நாளில், உணவுப் பாதுகாப்பு உரிமங்களுக்கான ‘ஃபாஸ்காஸ்’ இணையதளத்தில் காட்டும் தொகையைப் பின்பற்றுங்கள். லாபத்தை விற்பனை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். நாளொன்றுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு விற்றாலே ஆண்டுக்கு 14 லட்சத்தைத் தாண்டிவிடும்.

கிடைக்கும் 14 இலக்க எண்ணைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டுங்கள், பில்லிலும் அச்சிடுங்கள். கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கும்போதும் விற்பவரின் அந்த எண் உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். மிளகாய்த்தூளில் கலப்படம் என்று மாதிரி எடுத்தால், யாரிடம் வாங்கினீர்கள் என்று காட்ட அந்தப் பில்தான் இருக்கும். எங்கள் கடையில் ஒரு கோப்பு முழுக்கக் கொள்முதல் பில்கள்தான்.

தின்பண்டத்தைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்காதீர்கள். அச்சு மை உணவில் ஏறும் என்பதால் அது கூடாது. காலாவதியான பொருளைத் தனிப்பெட்டியில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி வையுங்கள். அலமாரியில் மறந்து கிடந்த ஒரு பிஸ்கட் பொட்டலமும் குற்றமாக முடியும்.

ஐந்தாம் படி: தராசு

மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை. இரும்பு எடைக்கற்களுக்கும் படிகளுக்கும் 24 மாதம். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பழைய தராசை விலை மலிவாக இருக்கிறது என்று வாங்கும் முன் அதன் முத்திரைச் சான்றிதழைக் கேளுங்கள்.

நீங்களே பருப்பு, சர்க்கரையை அரைக் கிலோ, ஒரு கிலோ என்று முன்கூட்டிப் பொட்டலம் போட்டு அடுக்கினால் அது பொட்டலப் பொருள் ஆகிவிடும். 2011ஆம் ஆண்டு விதிகளின்படி பெயர், நிகர எடை, பொட்டலமிட்ட மாதம், அதிகபட்ச விலை, பொட்டலமிட்டவர் முகவரி எல்லாம் ஒட்ட வேண்டும். வாடிக்கையாளர் கேட்டபின் எடை போட்டுக் கட்டிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. குளிர்பானத்தைக் குளிர வைத்ததற்கு என்று அச்சிட்ட விலைக்குமேல் இரண்டு ரூபாய் வாங்குவதும் சட்டப்படி தவறுதான்.

வரியும் பிறவும்

பொருள் விற்பனை மட்டும் செய்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். 1.5 கோடி வரை, விற்பனைத் தொகைமேல் ஒரே சிறு விகிதத்தில் வரி கட்டும் இணக்க வரித் திட்டத்தில் சேரலாம்; வணிகருக்கு 1 சதவீதம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்துவிடலாம்.

10 அல்லது அதற்குமேல் ஆட்கள் இருந்தால் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி தொழிலாளர் துறையில் பதிவு வேண்டும். 24 மணி நேரமும் திறக்க 2019இல் வந்து பின் நீட்டிக்கப்பட்ட அரசாணையும் அத்தகைய கடைகளுக்குத்தான். ஆள் குறைவாக இருந்தாலும் ஒன்றைச் செய்யுங்கள்: வேலை செய்பவர்களுக்கு உட்கார நாற்காலி போடுங்கள். 2021 திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களின் வலியை நான் இளவயதில் அனுபவித்திருக்கிறேன். சட்டம் இல்லாவிட்டாலும் போட வேண்டிய நாற்காலி அது.

பெயர்ப்பலகை தமிழில் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற அளவில் இடம். வரைபவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் பலகையை இரண்டு முறை செய்ய வேண்டியிராது.

விற்கக்கூடாதவை

குட்கா, பான் மசாலா தமிழ்நாட்டில் 2013இலிருந்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடையில் உள்ளன. மின் சிகரெட்டுக்கு 2019இலிருந்து நாடு முழுதும் தடை. சிகரெட் விற்பதானால் 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பது குற்றம் என்ற அறிவிப்புப் பலகை வேண்டும்.

பலருக்கும் தெரியாதது தலைவலி மாத்திரை. உரிமம் இல்லாமல் பாராசிட்டமால் விற்க மருந்து விதிகள் விலக்கு அளிப்பது 1,000 பேருக்கு மேற்படாத சிற்றூர்களில் மட்டுமே. மதுரை நகரத்துக் கடைக்கு அந்த விலக்கு கிடையாது. தீபாவளிக்குப் பட்டாசு வைக்கத் தற்காலிக உரிமம் தனி: நகரத்துக்குள் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே மாவட்ட வருவாய் நிர்வாகம். சிவகாசி பக்கத்தில் இருப்பதால் சரக்கு எளிதில் வந்துவிடும். உரிமம் வருவதற்கு முன் சரக்கை இறக்காதீர்கள்.

டாஸ்மாக் கடைக்கு அருகில் உங்கள் கடை இருந்தால்

மது விற்காத கடைக்காரருக்கும் மதுவால் வரும் சிக்கல் இதில்தான். டாஸ்மாக் நண்பகல் 12 மணிக்குத் திறக்கும். அதிலிருந்து உங்கள் கடைக்கு வரும் கூட்டம் கேட்பது மூன்று: டம்ளர், தண்ணீர்ப் பாக்கெட், உட்கார ஓர் இடம்.

நெகிழி டம்ளரும் தண்ணீர்ப் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் அடங்கும். நெகிழி பூசிய காகித டம்ளரும் அதே பட்டியலில்தான். அந்தச் சில நூறு ரூபாய் வரவுக்காக மாநகராட்சியின் அபராதமும் பறிமுதலும் வரும். திரும்பத் திரும்பப் பிடிபட்டால் தொழில் உரிமத்துக்கே ஆபத்து.

உட்கார இடம் கொடுப்பது அதைவிடப் பெரிய தவறு. கடைக்குப் பின்புறச் சந்தில் ஒரு பலகை போட்டாலும் அது அனுமதியில்லாத மது அருந்துமிடம் ஆகிவிடும். மதுவிலக்குச் சட்டம் உங்கள்மேல் பாயும். என் மருமகனுக்கு முதல் வாரமே இந்தச் சோதனை வந்தது. தினம் வருகிற வாடிக்கையாளர் ஒருவர் “தம்பி, ஐந்து நிமிடம்தான்” என்றார். அவன் மரியாதையாக மறுத்துவிட்டு, சந்துக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டிவிட்டான். அந்த வாடிக்கையாளர் இன்றும் அவனிடம்தான் அரிசி வாங்குகிறார்.

புதிதாக டாஸ்மாக் கடை வருவதை எதிர்ப்பவர்கள் தூர விதியைப் படித்துவிட்டுப் போக வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிறுவனத்திலிருந்தும் 50 மீட்டர். மற்ற இடங்களில் 100 மீட்டர். திட்டக் குழுமம் வணிகப் பகுதி என்று வகைப்படுத்திய இடத்தில் இந்தத் தூரம் பொருந்தாது. பலருடைய மனு அங்கேதான் தோற்கிறது. ஆகவே முதலில் நில வகைப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள். பிறகு அளந்த தூரம், புகைப்படம், அக்கம்பக்கத்தார் கையெழுத்து ஆகியவற்றோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக நேர்ந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

திறந்தபின்

கல்லாவுக்குப் பின்சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி, காலாவதித் தேதிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள்: தொழில் உரிமம், உணவுப் பதிவு, தராசு முத்திரை, வாடகை ஒப்பந்தம், அரையாண்டுத் தொழில் வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்பாக இன்னொரு வட்டம். அசல்களை வீட்டில் வைத்து, நகல்களைக் கடையில் ஒரே கோப்பில் வையுங்கள். ஆய்வுக்கு யார் வந்தாலும் அடையாள அட்டையைக் கேட்டு, பெயரையும் நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கோப்பை நீட்டுங்கள். என் மருமகனின் குறிப்பேட்டில் இதுவரை நான்கு வருகைகள் பதிவாகியிருக்கின்றன. நான்கும் கால் மணி நேரத்துக்குள் முடிந்தன.